அட்டைப்படத்தில் இருந்த கடல்

ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், மருந்துக்கடை பில் புத்தகம் எல்லாம் அடிப்போம். பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. ஒரு நாள் முதலாளி என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலேஜ் பசங்களுக்குன்னு மாசாமாசம் ஒரு புக்கு போடலாம்னு கீறேன். நீதான் டிசைன்."

நான் கல்லூரியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகி, என் மகனுக்கே கல்லூரிக்குப் போகும் வயசு நெருங்கிவிட்டது. இருந்தாலும் பயமில்லாமல் தலையாட்டினேன். பட்டமளிப்புத் தொப்பிகளை மாணவர்கள் வானத்தில் எறிகிற மாதிரி ஒரு அட்டை செய்து, பிரின்ட் எடுத்துக்கொண்டு அடையாறில் ஒரு ஜூஸ் கடைக்குப் போனேன். அங்கே நின்ற ஒரு மாணவனிடம் காட்டினேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "ஆன்ட்டி, இது பேங்க் எக்ஸாம் கைடா?"

கைடு என்றதைவிட ஆன்ட்டி என்றதுதான் சுட்டது.

அந்தக் கோபத்தோடு நேரே பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். உச்சி வெயில் நேரம். ஆனாலும் மணலை ஒட்டிய சிமென்ட் கட்டைச்சுவரில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒரு துண்டை நீட்ட, இன்னொருத்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். காற்றில் முடி பறந்து பாதி முகத்தை மூடியது. இந்தச் சிரிப்பைத்தான் நான் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தேன். பத்திரிகை அட்டைக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டேன். "தாராளமா எடுங்கோ, அழகா வந்தா சரி" என்றாள் சிரித்தவள். எடுத்த படத்தை அனுப்புவதற்காக அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

அட்டையைப் பார்த்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னா சிரிப்பு! இதாம்மா அட்டை. கைய வெக்காத." சந்தோஷத்தில் அதை அந்தப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பி வைத்தேன்.

அடுத்த நாளே இரண்டு பேரும் ஸ்கூட்டியில் அச்சகத்துக்கு வந்து இறங்கினார்கள்.

"அக்கா, ஒரு மேட்டர் கீது" என்றாள் மாங்காய் நீட்டியவள். பட்டினப்பாக்கத்துக்காரி. பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "சொல்லு மச்சி."

சிரித்தவள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. மயிலாப்பூர் பெண். "அன்னிக்கு நாங்க காலேஜ்ல இருந்தோம்க்கா."

"பீச்சுலல்ல இருந்தீங்க?"

"எங்காத்துக்கும் டிபார்ட்மென்டுக்கும் தெரிஞ்ச மட்டும் காலேஜ்லதான் இருந்தோம். லைப்ரரியில படிச்சிண்டிருந்தோம்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

"காலேஜ் லைப்ரரிக்கெல்லாம் உங்க புக்கு வரப்போவுதாம். எங்க எச்.ஓ.டி. எது வந்தாலும் மொதல் ஆளா புரட்டுவாரு" என்றாள் தோழி.

முதலாளியிடம் போய் நின்றேன். அட்டையை மாற்ற அவர் ஒப்பவே இல்லை. "சிரிப்பு போச்சுன்னா புக்கே போச்சு. கடல வேணா தூக்கிடு."

சிரிப்பு இருக்கட்டும், கடல் போகட்டும். பழைய ஆண்டு மலர் ஒன்றிலிருந்து ஒரு நூலக அலமாரியை எடுத்து அலை இருந்த இடத்தில் நிறுத்தினேன். மாங்காய்த் துண்டை இழுத்துப் பேனாவாக்கினேன். கட்டைச்சுவரைப் பெஞ்சாக்கினேன். இரண்டு பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னார்கள்.

"முடி பறக்குதேக்கா" என்றாள் தோழி. அதற்காக ஓரத்தில் ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வைத்தேன். படத்தில் அவர்களுக்குப் பின்னால் மணலில் ஒரு நாய் படுத்திருந்தது; அதை அழித்தபோது வால் மட்டும் போகாமல் அடம்பிடித்தது. அந்த வாலை அலமாரியில் தொங்கும் தூசி தட்டும் துடைப்பம் ஆக்கியபோது மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் வேலையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மத்தியானம் போனதாக எனக்கு ஞாபகமில்லை.

பத்திரிகை வெளிவந்தது. முதல் வாரமே அவர்களுடைய துறைத்தலைவர் போன் செய்தார். அட்டைப்படம் பெரிய அளவில் வேண்டுமாம், நூலகத்தில் மாட்ட. என்னையே கொண்டுவரச் சொன்னார். ஃபிரேம் போட்டு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் அறையில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"நான் பிசிக்ஸ் வாத்தியார்மா."

"சரிங்க சார்."

"வெயில் நேரா உச்சந்தலையில விழுது. நிழல் மூக்குக்குக் கீழ இருக்கு. இந்த லைப்ரரிக்குக் கூரை கிடையாதா?"

நான் ஃபிரேமின் ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"ஃபேன் இடது பக்கம் நிக்குது. முடியும் இடது பக்கமே பறக்குது. ஃபேன் காத்தை உறிஞ்சுதா?" அதற்குமேல் அவரால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நானும் படிக்கிற காலத்துல பெசன்ட் நகர் பீச் கட்டையில உட்கார்ந்தவன்தான். ஆனா எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. லைப்ரரி மேல இவ்வளவு ஆசையா இருக்கிற பசங்கன்னு ரெண்டு பேரையும் லைப்ரரி கமிட்டியில போட்டிருக்கேன். தினம் சாயந்திரம் புஸ்தகம் அடுக்கணும்."

படத்தை மாட்ட நூலகத்துக்குப் போனபோது இருவரும் கையில் புத்தகக் கட்டோடு நின்றார்கள். முகத்தில் வியர்வை. மயிலாப்பூர் பெண் அலமாரிக்குப் பின்னால் என்னை இழுத்துப் போய்க் காதோடு சொன்னாள்.

"வேலைதான் முதுகை ஒடிக்கறது. ஆனா சாருக்குத் துளி சந்தேகம் வரலைக்கா."

"சூப்பர் வேலைக்கா உங்குளுது" என்றாள் தோழி.

"பாவம், அப்பாவி மனுஷர்" என்றேன் நான், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.