என் கையெழுத்து போட்ட இரண்டு டிஸ்க்குகள்

வெற்று டிவிடி இப்போதெல்லாம் கடைகளில் கண்ணில் படுவதே இல்லை. படாமல் இருப்பதே நல்லது. ஏதாவது பழைய மேஜை டிராயரில் அந்த மினுமினுப்பைப் பார்த்தால் போதும், எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் ஒரு பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தேன். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து, சரியாக இருந்தால் உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நான் பாஸ் செய்த சாமானில் என் இனிஷியலும் தேதியும் இருக்கும். அது இருந்தால் அடுத்த செக்‌ஷனில் யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள். சப்ளையர்கள் என்னை டீ குடிக்கக்கூடக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். வேலூர்த் தமிழ், தெலுங்கு, இந்த ஊர் இந்தி மூன்றிலும் எனக்குச் சண்டை போடத் தெரியும்.

என் மகள் அப்போது இன்டர் இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எங்கள் காலனியில் பிள்ளைகள் என்றால் இன்ஜினியரிங் கோச்சிங், கோச்சிங் முடிந்தால் சாப்ட்வேர், சாப்ட்வேர் முடிந்தால் அமெரிக்கா. இவள் மட்டும் எருமை வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் பஸ் ஸ்டாப்பில் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும் ஓர் எருமை, ஒரு நாள் எழுந்து பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து செகந்திராபாத் போகிறது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தால் அதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்கிறது. இந்த நாலு நிமிஷப் படத்துக்காக ஒரு வருஷம் தாள் தாளாக வரைந்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கோத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த எருமை படியில் முன்காலை வைத்து யோசிக்கிற இடத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியூரில் ஒரு டிசைன் கல்லூரியில் அனிமேஷன் படிப்பு இருந்தது. அதற்குத்தான் விண்ணப்பம். மாற்றலாகிப் பெங்களூரில் இருந்த என் வீட்டுக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு தடவை டிரை பண்ணட்டும். கிடைக்கலைன்னா பேசாம இன்ஜினியரிங். அப்புறம் நீயும் பேசக் கூடாது, அவளும் பேசக் கூடாது." பக்கத்தில் நின்றிருந்த மகள் எட்டி ரிசீவரில், "டீல், டாடி" என்றாள். அவள் இங்கிலீஷ் கலக்காமல் தமிழில் பதில் சொல்வது அபூர்வம்.

படத்தை டிவிடி மைனஸ் ஆர் வகை டிஸ்க்கில் இரண்டு பிரதி அனுப்ப வேண்டும், டிஸ்க் திறக்காவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாய்ப்பு, அது ஒரு தட்டையான பிளாஸ்டிக் வட்டத்தில் போக வேண்டும். சரி, சோதனை என்றால் என்ன என்று இந்த உலகத்துக்கு நான் காட்டுகிறேன் என்று முந்தானையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில், டிஸ்க்கில் எழுதுகிற டிவிடி ரைட்டர் புதிதாகப் போட்டது. செகந்திராபாத் கம்ப்யூட்டர் பஜாரில் ஒரு கடையில் வாங்கினோம். அதோடு வந்த சின்னப் புத்தகத்தின் கடைசியில், எந்தெந்த டிஸ்க் இந்த ரைட்டருக்கு ஒத்துப்போகும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எப்போதும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை.

"அரே அம்மா, டிவிடி போலே தோ டிவிடிச் ஹை. கைக்கு டென்ஷன்?"

டிவிடி என்றால் டிவிடிதானாம், எதற்கு டென்ஷனாம். ஒரு இன்ஸ்பெக்டரிடம் சொல்கிற பேச்சா இது? டிவிடியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை உண்டு, பிளஸ் கூடாது, மைனஸ்தான் வேண்டும் என்றேன். இரண்டும் ஓடும் என்றார். ஓடுவது வேறு, ஒத்துப்போவது வேறு என்று ஐந்து நிமிஷம் வகுப்பு எடுத்து, பட்டியலில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர் போட்ட பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் டிஸ்க்கை முக்கால்வாசி எழுதிவிட்டு ரைட்டர் தன் தட்டை வெளியே தள்ளியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முழுக்க எழுதியது, ஆனால் எருமை படியேறும் இடத்தில் உறைந்து நின்றது. மகள் இன்டர்நெட்டில் தேடி ஒரு சின்ன புரோகிராமை இறக்கினாள். டிஸ்க்கை உண்மையில் எந்தத் தொழிற்சாலை செய்தது என்ற குறியீடு டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்குமாம், இது அதைப் படித்துச் சொல்லும். போட்டுப் பார்த்தோம். கவரில் ஒரு பெயர், வயிற்றுக்குள் வேறு பெயர்! உள்ளே இருந்த பெயர் என் பட்டியலில் இல்லவே இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சப்ளையர் இப்படிச் செய்திருந்தால் அடுத்த நாள் கேட்டுக்குள்ளே கால் வைக்க முடியாது. இங்கே இது வியாபாரமாம், யாரோ செய்ததை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்பது உலக வழக்கமாம். டிஸ்க் கம்பெனிக்கு போன் போட்டேன். அவர்கள் ரைட்டரில் கோளாறு என்றார்கள். ரைட்டர் கம்பெனிக்கு போட்டேன். அவர்கள் டிஸ்க்கில் கோளாறு என்றார்கள். இரண்டு பேரும் லைனில் காக்க வைத்து ஒரே பாட்டை அரை மணி நேரம் காதில் ஊற்றினார்கள். பொறுப்பு என்ற ஒன்றை எவனும் கையால் தொடத் தயாராக இல்லை. இவர்களை நம்பித்தான் ஊரே ஐ.டி., ஐ.டி. என்று குதித்துக்கொண்டிருந்தது.

மறுபடி கடை. பாதி எழுதிய டிஸ்க்குகளைக் கவுன்டரில் பரப்பினேன். கடைக்காரர் இந்தத் தடவை கண்ணாடியை இறக்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"டிஸ்க் டீக் ஹை அம்மா. ஆப்கா ரைட்டர் தேக்னா. ஏக் ரைட் கர்கே லாவ், ஹமாரே மெஷின் மே லகாகே தேக்லேங்கே."

டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் ரைட்டரைத்தான் பார்க்க வேண்டும், ஒன்று எழுதிக் கொண்டுவாருங்கள், எங்கள் மெஷினில் போட்டுப் பார்ப்போம் என்றார்.

"ரைட்டர் நீங்க வித்ததுதானே? புதுசு!" என்று அவர் பாஷையிலேயே கத்தினேன்.

"நயா பீ கராப் ரஹ்தா அம்மா." புதுசும் கெட்டிருக்கும் என்றார் அமைதியாக.

தட்டிக்கழிக்கிற பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரிஜெக்ட் ஆன சாமானைக் காட்டினால் உடனே உங்கள் அளவுகோலைச் சந்தேகப்படுகிற சப்ளையர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "நக்கோ" என்றேன். அதெல்லாம் வேண்டாம், பாக்கெட்டைப் பிரியுங்கள், உங்கள் கம்ப்யூட்டரில் உள்குறியீட்டைக் காட்டுங்கள், என் பட்டியலோடு பொருந்தினால்தான் வாங்குவேன். கடை மொத்தமும் வேடிக்கை பார்த்தது. மகள் வாசல்பக்கம் நகர்ந்து, விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் நின்றுகொண்டாள். மூன்றாவது பாக்கெட்டில் குறியீடு பொருந்தியது. "குஷ்?" திருப்திதானே என்றார் கடைக்காரர். "ஹவ்," ஆமாம் என்று வெற்றியோடு வெளியே வந்தேன்.

அந்த டிஸ்க்குகள் தடங்கல் இல்லாமல் எழுதின. கல்லூரிக்கு இரண்டு, வீட்டுக்கு ஒன்று. எழுதியது சரிபார்க்கப்பட்டது என்று திரையில் செய்தியும் வந்தது. மூன்றையும் எங்கள் தட்டிலேயே திரும்பப் போட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். மூன்றிலும் எருமை ஜம்மென்று ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தது. மார்க்கரை எடுத்து, கல்லூரிக்குப் போகிற இரண்டிலும் ஓரமாக என் இனிஷியலும் தேதியும் போட்டேன். கை தானாகப் போட்டது.

"அம்மா, கீழ் வீட்டு ஆன்ட்டி பிளேயர்ல போட்டுப் பாக்கலாமா? ஜஸ்ட் ஒன்ஸ்," என்றாள் மகள்.

"எடுத்துக்கிட்டுப் போய்க் கீறல் போட்டுக்கவா? நான் பாஸ் பண்ணியாச்சு. அதுக்கு மேல யாரு பாக்கணும்?"

அன்றைக்கே கூரியரில் அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அனுப்பிய டிஸ்க்குகளைத் திறக்க இயலவில்லை, ஆகவே விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை. இரண்டு வரி. ஒரு பெண் ஒரு வருஷம் ராப்பகலாக வரைந்ததற்கு இரண்டே வரி! ஒரு போன் செய்து வேறு பிரதி கேட்கக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. போன் போட்டேன். எடுத்த அம்மாள் மூன்று மெஷின்களில் முயன்றதாகவும், கடைசித் தேதி போய்விட்டதாகவும், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும் இங்கிலீஷில் சொன்னாள்.

"என் வீட்டில் நன்றாக ஓடுகிறது!" என்று அலறினேன்.

"உங்கள் வீட்டில் ஓடினால் நாங்கள் என்ன செய்ய முடியும், மேடம்?" என்றாள்.

அந்தத் திமிரைப் பற்றித் திட்டிக்கொண்டே, வீட்டில் வைத்திருந்த மூன்றாவது பிரதியை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு ஓடினேன். நன்றாக இருக்கிற டிஸ்க்கைத் திறக்கத் தெரியாத கல்லூரி என்று நிரூபிக்கத்தான். அவர்கள் பிளேயர் கொஞ்ச நேரம் கிர்ரென்று சுற்றிவிட்டு, டிஸ்க் இல்லை என்றது. எதிர்வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கேயும் காலி. மேலே வந்து எங்கள் தட்டில் போட்டேன். எருமை சந்தோஷமாகப் பஸ் ஏறியது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோணல் எங்கள் ரைட்டரில் இருந்தது. கோணலாக எழுதி, தான் எழுதிய கோணலைத் தானே படித்து, எல்லாம் சரி என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. நானும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் செய்தவன் தான் செய்ததைச் சோதிக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நானேதான் இதைச் சொல்வேன். அளக்கிற கருவிக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, அந்தத் தேதிச் சீட்டு ஒட்டாத கருவியை நான் கையால் தொட மாட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டில் ரைட்டரை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. டிஸ்க் வெளியிலிருந்து வந்த சாமான், அதனால் அதைக் குடைந்து குடைந்து பார்த்தேன். ரைட்டர் எங்கள் வீட்டுக்குள்ளே இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்றாவது பிரதியைத் தன் மெஷினில் போட்டார், திறக்கவில்லை. இன்னொன்றில் போட்டார், திறக்கவில்லை. உள்ளே போய்ப் புது ரைட்டர் ஒன்றை எடுத்து வந்து, வாரன்டியில் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!" என்று ஆரம்பித்தேன்.

"போலா நா, அம்மா," என்றார். சொன்னேனே, அம்மா. அதில் குத்தல்கூட இல்லை. ஒரு சொட்டு இளக்காரம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மகள், அவள் மடியில் ரைட்டர் பெட்டி. கல்லூரியைத் திட்டினேன். டிஸ்க் கம்பெனியைத் திட்டினேன். ரைட்டர் செய்தவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். மெட்டுகுடா தாண்டியபோதுதான் கவனித்தேன், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, கடிதம் வந்ததிலிருந்தே அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் கோபப்பட வேண்டியவள் அவள். அதற்கு நான் இடமே வைக்கவில்லை, எல்லாக் கோபத்தையும் நானே பட்டுத் தீர்த்துவிட்டேன்.

"என்னைத் திட்டேன்டி," என்றேன்.

"லீவ் இட், மா," என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புது ரைட்டரை அவளே மாட்டினாள். மிச்சமிருந்த டிஸ்க்கில் ஒன்றை எடுத்துப் படத்தை எழுதினாள். எங்கள் தட்டில் போட்டுப் பார்க்கவே இல்லை, நேராகக் கீழே எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கீழ் வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. எருமை டிக்கெட்டைத் தின்கிற இடமாக இருக்கும்.

மேலே வந்து டிஸ்க்கையும் மார்க்கரையும் என் முன்னால் வைத்தாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள், அதுவும் முழுக்கத் தமிழில்.

"கீழ ஓடுச்சும்மா. இப்ப கையெழுத்து போடு."

அடுத்த திங்கட்கிழமை அவள் இன்ஜினியரிங் கோச்சிங்கில் சேர்ந்தாள். அப்பாவிடம் டீல் சொன்னவள், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை.