மூன்று சில்லுக் கார்

இரத்தினவேல் தேசிக்காய்களை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, புதுக் காரின் சக்கரங்கள் ஏறி நசுக்கித் திருஷ்டி கழிய, சில்லுக்கு ஒன்றாக வைக்கிறார். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களில் யார் கார் வாங்கினாலும் கோயில் வாசலில் தேசிக்காய் வைப்பது அவர்தான். ஐயர் வரும்வரை கூட்டத்துக்குக் கதை சொல்வதும் அவர்தான்.

"பிறிங்மான் எண்டு ஒரு ஜேர்மன் கார் கேள்விப்பட்டிருக்கிறியளோ? தையல் மெஷின் செய்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் செய்தது. முதல் கார் மூண்டு சில்லு. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ரெண்டு. ஊர் மேயரின்ர மனிசி ஏறமாட்டன் எண்டு நிண்டவ!"

கனடாவுக்கு வருமுன் அவர் அகதியாக இருந்த ஜேர்மன் சிற்றூரில்தான் அந்தத் தொழிற்சாலை இருந்ததாம். அவர் கோப்பை கழுவிய உணவகத்துக் கிழவன் சொன்ன கதை. தம்பி நாலு சில்லுக்கு மாறினான், ஊர் அவனைக் கொண்டாடியது, அண்ணன் பொறுக்கமாட்டாமல் பிரிந்து போனான். முதலாம் உலகப் போருக்குப் பிறகு காசு மதிப்பிழந்து வெறும் கடதாசியாக, கொம்பனியும் படுத்துவிட்டது. இவ்வளவும் சொல்கிறவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மல்வேர்னிலிருந்து பஸ்ஸில்தான் வருவார்.

தொண்ணூற்றாறில் அதே ஜேர்மன் ஊரிலிருந்து நவரட்ணம் வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு பூசையில், கதை பாதியில் இருக்கும்போது, படமொன்றை எடுத்து நீட்டினார். மியூசியத்தில் பிறிங்மான் கார்மேல் கை போட்டபடி நவரட்ணம்.

"நான் அங்க கூட்டித் துடைச்சனான் அண்ணை. மூண்டு சில்லெண்டது ஆரோ விட்ட கதை. எண்ணிப் பாருங்கோ, நாலு."

"உது பிறகு தம்பிக்காரன் செய்தது," என்றார் இரத்தினவேல். யார் கேட்டார்கள்? படம் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. வருடக்கணக்காய்ச் சொல்லிவந்த கதையை ஒரேயொரு படத்தால் பறித்துவிட்டானே! இப்போது கார் வாங்குகிறவர்கள் இவரைத் தேசிக்காய்க்கும் அவரைக் கதைக்கும் கூப்பிடுகிறார்கள்.

"உங்கட அப்பரின்ர கொம்பனியே அது? ஏனப்பா உப்பிடி வேகிறியள்?" என்பாள் மனைவி தவமணி.

போன ஞாயிறு நவரட்ணமே கார் வாங்கினார். அதுவும் ஜேர்மன் கார். தேசிக்காய் வைக்க இரத்தினவேலைக் கூப்பிட்டார். மாட்டேன் என்றால் ஊர் என்ன சொல்லும்? போனார்.

ஐயர் தீபம் காட்டி முடித்தார். நவரட்ணம் ஸ்டியரிங்கில் இருந்தபடி, யன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பிறிங்மான் கதையை விரித்துக்கொண்டிருந்தார். ஒரே சிரிப்பு. இரத்தினவேல் குனிந்து பின் சில்லுகளுக்கு ஒவ்வொன்று வைத்தார். முன்னுக்குப் போய் ஒன்று வைத்தார்.

"சரியோ அண்ணை, எடுக்கட்டோ?"

"ஓம், எடும்."

கார் நகர்ந்தது. ஜக்கற் பொக்கற்றுக்குள் இரத்தினவேலின் கை, நாலாவது தேசிக்காயை இறுகப் பிடித்திருந்தது.