சாமை பீருக்குப் போட்ட படம்

என் வீட்டுக்காரர் இளஞ்செழியனுக்கு மோட்டார் காயில் கட்டுவது தொழில், பீர் ருசி பார்ப்பது பைத்தியம். குடிகாரர் இல்லை. இதைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கல்யாணமான புதிதில் நானும் நம்பவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வழியாகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவார். அங்கே கடையிலேயே பீர் காய்ச்சி விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. இவரைப் போலவே கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். குடிப்பது என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் ரெண்டு வாய்தான். மோந்து பார்ப்பது, நாக்கில் உருட்டுவது, நடுவில் பொரியை மெல்லுவது, பிறகு சண்டை. வாழைப்பழ வாசனை வருகிறது என்பார் ஒருத்தர், இல்லவே இல்லை கிராம்பு என்பார் இன்னொருத்தர். அந்தச் சண்டை முடியாமல் கடைசி பஸ்ஸை விட்ட கதையெல்லாம் உண்டு.

போவதற்கு முதல் நாளே வீட்டில் கெடுபிடி ஆரம்பித்துவிடும். கருவாடு கூடாது, ஊதுவத்தி கூடாது, நான் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது. மூக்கு கெட்டுப்போகுமாம். நாளெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் நாற்றத்தில் கிடக்கிற மூக்கு என் எண்ணெயிலா கெட்டுப்போகும் என்று கேட்பேன்.

என் அண்ணன் சாகும் வரைக்கும் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் விஷச் சாராயம் குடித்துக் கூட்டமாகச் செத்தவர்களில் அண்ணன் பொன்னுரங்கமும் ஒருத்தர். கொத்தனார். உடம்பு வலிக்கென்று ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தவர், விடிந்ததும் கண் தெரியவில்லை என்று சுவரைத் தடவினார். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அதைவிட மோசம் பிறகு வந்தது. சின்னசேலத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்பார். சொன்னதும் ஒரு சிரிப்பு. பாக்கெட் ஏதும் கொண்டுவந்தீர்களா என்று கேட்ட மனுஷனும் உண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இனிமேல் பாண்டிக்குப் போகக் கூடாது என்று இவரிடம் சொன்னேன். ஒரு வருஷம் போகவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். அந்தக் கடையில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, கூடுகிறவர்கள் தங்கள் பக்குவத்தில் காய்ச்சிக்கொள்ளக் கடைக்காரர் தெய்வசிகாமணி ஆளுக்கொரு சின்ன டாங்க் கொடுப்பார். டம்ளரில் நம்பர் மட்டும் ஒட்டி, எது யாருடையது என்று தெரியாமல் எல்லோரும் ருசி பார்ப்பார்கள். ஜெயித்த பீரைக் கடை அந்த வருஷம் முழுக்கக் காய்ச்சி விற்கும். வாசலில் இருக்கிற கரும்பலகையில் ஜெயித்தவர் ஊர்ப் பேரை எழுதி, ஊருக்குப் பொருத்தமாக ஒரு படமும் வரைவார்கள். திருவண்ணாமலைக்காரர் ஜெயித்த வருஷம் மலை. நெய்வேலிக்காரருக்குச் சுரங்க மெஷின்.

"நம்ம ஊரு பேரு அந்தப் பலகைல நல்லதுக்கு வரணும் சந்தியா. ஒரு தபா வந்தா போதும்" என்றார்.

அதற்கு என்ன சொல்வது? என் மனசிலும் அதே எரிச்சல்தானே இருந்தது. சரி என்றேன். கல்வராயன் மலைக்கு ஏறி வெள்ளிமலையில் சாமை வாங்கினார், கரியாலூரில் மலைத்தேன் வாங்கினார். சாமையை எந்தப் பதத்தில் வறுப்பது என்று பார்த்துப் பார்த்து என் வாணலியைக் கரியாக்கினார். திட்டிக்கொண்டே தேய்த்தேன்.

முடிவு சொல்லும் நாளில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். டாங்க்குகளைக் கூடத்திலேயே சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். நாலாம் நம்பர் டம்ளர் வந்ததும் எல்லோரும் இன்னொரு தடவை மோந்து பார்த்தார்கள். வறுத்த தானிய வாசனை முதலில் வருகிறது, தேன் விழுங்கின பிறகுதான் தெரிகிறது என்றார் ஒருத்தர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சண்டையே இல்லை. நாலாம் நம்பர் இவருடையது. பக்கத்தில் நின்ற எனக்கே கண் கலங்கியது.

தெய்வசிகாமணி உள்ளே போய்க் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்கூட்டியே ஊருக்கு ஊர் படம் யோசித்துவைத்திருப்பார் போல, அஞ்சு நிமிஷத்தில் அவரே வரைந்துவிட்டார். மேலே அழகான எழுத்தில் கள்ளக்குறிச்சி. கீழே கழுத்தில் நூல் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். பாக்கெட்டுக்குள் மண்டையோடு. மண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

கூடமே சிரித்தது. ஒருத்தர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் ஜெயித்த சிரிப்பு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்கு இவரையே பிடிக்கவில்லை.

பிறகு இவர் கடைக்காரர் பக்கத்தில் போய், படத்தை மாத்திடுங்க சார், சாமைக் கதிர் போடுங்க, மலை போடுங்க என்று கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். தெய்வசிகாமணி தோளில் தட்டினார்.

"இன்னா செழியன், வெளாட்டுக்குத்தான. சாமைன்னா எவன் வருவான்? இந்தப் படத்தைப் பாத்தாதான் வருவான். படம் இருந்தா உங்க பீரு இருக்கும். வேணாம்னா சொல்லுங்க, ரெண்டாவதா வந்தத போட்டுக்கறேன்."

இத்தனை நாள் ஆசை அது. பீரை விட்டுவிடுவாரா, படத்தைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் சாக்பீஸை எடுத்தார். பாக்கெட்டுக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, பொன்னுரங்கம், கொத்தனார் என்று எழுதினார்.

"யாரு இது?" என்றார் தெய்வசிகாமணி.

"எங்க மச்சான். இவ அண்ணன். இந்தப் பாக்கெட்ட குடிச்சிதான் செத்தாரு. படம் இருக்கட்டும் சார். பேரும் இருக்கட்டும். வர்றவங்க படிச்சிட்டு குடிக்கட்டும்."

போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர் கையை இறக்கினார். தெய்வசிகாமணி மேஜையிலிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். அப்பாடா, இந்த ஆளுக்கும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து என் அண்ணன் பேரைத் துடைத்தார். பேரை மட்டும். படத்தின் மேல் துணி படாமல் பார்த்துக்கொண்டார்.

இவர் நேராகத் தன் டாங்க்கிடம் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நுரையோடு பீர் தரையில் கொட்டி எல்லோருடைய செருப்புக்கும் கீழே ஓடியது. வறுத்த சாமை வாசனை கூடம் முழுக்க அடித்தது. செழியன், செழியன் என்று ரெண்டு பேர் கிட்டே வரப் பார்த்தார்கள். நான் குழாயை மறைத்துக்கொண்டு நின்றேன். டாங்க் காலியாகும் வரைக்கும் நகரவில்லை. எவனாவது கை வைத்திருந்தால் கையை ஒடித்திருப்பேன்.