ஃபியூஸ் கட்டை

இது கட்டுக்கதை இல்லை. கிங்ஸ்லிக்கு நடந்தது. போன ஐப்பசியில், பள்ளிப்பட்டு சாலையோரம் அவன் குத்தகைக்கு எடுத்திருந்த மீன் குட்டையில். பேய் என்றாலே கேலி பேசுகிற ஆள். இன்றைக்கு அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அன்று காலையிலிருந்து விடாத மழை. மலைத்தண்ணீர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு குட்டைக்குள் பாய்ந்தது. மாலை 4.50க்கு மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீரில் காற்று இல்லை. தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டரும் நின்றுபோயிருந்தது. வெள்ளத்தில் வந்த சாக்கு ஒன்று சக்கரத்தைச் சுற்றியிருந்தது. அரை மணிக்குள் அது ஓடாவிட்டால் எட்டு மாத வளர்ப்பும் செத்து மிதக்கும்.

பக்கத்துக் குட்டைக்காரர் பரந்தாமன் முதல் நாளே சொல்லியிருந்தார். "தண்ணில எறங்குறதுக்கு முன்னாடி ஃபியூஸ் கட்டைய புடுங்கி ஜோபில வெச்சிக்க. சுவிட்ச நம்பாத."

தனி ஆள்தானே, யார் வந்து போடப்போகிறார்கள்? சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இறங்கினான்.

மார்பளவுத் தண்ணீர். கத்தியால் சாக்கின் கடைசி இழையையும் அறுத்தெடுத்தான். கைக்கடிகாரத்தில் 5.07.

சதக்... சதக்...

கரையில் யாரோ ஓடும் சத்தம். நிமிர்ந்தான். மோட்டார் கொட்டகைக்குள் ஓர் உருவம் நுழைந்தது.

"யாரு அது? சுவிட்ச போடாதீங்க. நான் தண்ணிக்குள்ள இருக்கறேன்."



டக்.

சுவிட்ச் போட்ட சத்தம்...

செத்தோம் என்றே நினைத்தான்.

சக்கரம் அசையவில்லை.

எப்படிக் கரையேறினான் என்று அவனுக்கே தெரியாது. கொட்டகையில் ஆள் இல்லை. சேற்றில் அவன் காலடி மட்டும். சுவிட்ச் போட்டபடி இருந்தது. ஃபியூஸ் கட்டை இருந்த இடம் காலி.

கத்தியை வைக்கச் சட்டைப்பையில் கைவிட்டான். விரலில் ஏதோ தட்டியது.

ஃபியூஸ் கட்டை.

சொட்டச் சொட்ட நனைந்த சட்டைக்குள் அது மட்டும் காய்ந்திருந்தது.

அதை மாட்டி மோட்டாரை ஓட்டினான். மீன்கள் பிழைத்தன.

மறுநாள் பரந்தாமனிடம் சொன்னான்.

"ரெண்டு வருஷம் முன்ன அண்ணன் தம்பி ரெண்டு பேரு அந்தக் குட்டைய பாத்துகினு இருந்தாங்க. இதே மாதிரி மழை. தம்பி உள்ள இருந்தது தெரியாம அண்ணங்காரன் ஓடியாந்து சுவிட்ச போட்டுட்டான். தம்பிக்கு கரண்டு அடிச்சிடுச்சி. தூக்கப் போனான்... அவனும் போய்ட்டான்."

கொட்டகைக்கு ஓடி வந்தது யார் என்று கிங்ஸ்லிக்குப் புரிந்தது.

அப்படியென்றால் கட்டையைப் பிடுங்கி அவன் பையில் வைத்த தம்பி, தண்ணீருக்குள், அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான்.