பிறை விழாத சட்டை

கள்ளக்குறிச்சியில் பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் பெரிதாக்கிக் காட்டி, இது லென்சில் இருந்த தூசு, இது ஃபிளாஷ் பட்ட கொசு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பேய், ஆவி எதையும் நம்பாத ஆள். இதைப் படித்துவிட்டு நீங்களும் எனக்குத் தூசுக் கதை சொல்லலாம். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

2019 டிசம்பரில் வந்த சூரிய கிரகணம். மார்கழி என்பதால் கல்யாணம் கிடையாது, சும்மாதான் இருந்தேன். முழு வளையமாகத் தெரிவது திருச்சி, கரூர் பக்கம்தான், நம் பக்கம் சூரியன் மெல்லிய பிறையாகும், அவ்வளவுதான். அது போதும் என்று நானும் நண்பன் பாஸ்கரும் விடியும்போதே காரில் கல்வராயன் மலை ஏறினோம். பாஸ்கர் மொபைல் கடை வைத்திருப்பவன், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. வெள்ளிமலைக்குப் போகிற வழியில் டீ குடித்த இடத்தில் கடைக்காரம்மா, "எட்டு மணிக்கு மேல கடை கிடையாதுங்க, கிரகணம் வுட்டப்புறம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே பாத்திரங்களைக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு வழியில் ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை.

ரோட்டோரம் ஒரு பாறைத்திட்டு, பக்கத்தில் பெரிய புளியமரம். அங்கே ட்ரைபாடில் பெரிய கேமராவை நிறுத்தினேன். புதுச்சேரி நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்த, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக இழுத்துக் காட்டுகிற அறுநூறு எம்.எம். லென்ஸ். அதன் முன்னால், சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கிற கறுப்பு ஃபில்டர் தாளை அட்டை வளையத்தில் வைத்து டேப் போட்டு ஒட்டியிருந்தேன். அந்தத் தாள் இல்லாமல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் பார்வை போய்விடும். பூதக்கண்ணாடியில் வெயில் பிடித்துப் பேப்பரை எரிப்போமே, அதேதான். அரை நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி டைமர் வைத்தேன். பிறகு லேப்டாப்பில் ஒரு மென்பொருள், எல்லாப் படத்திலும் சூரியனை ஒரே இடத்தில் நிறுத்தி வரிசையாகச் சேர்த்துக் கொடுக்கும். அதைத் தயார் செய்துகொண்டு பாஸ்கர் காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதரை நெருங்கும்போது வெளிச்சம் மாறியது. மேகம் மறைக்கிற மங்கல் இல்லை. வெயில் அடிக்கத்தான் அடித்தது, அதில் சூடு மட்டும் இல்லை. குருவிச் சத்தம் நின்றுவிட்டது. புளியமரத்தடியில் இலை இடுக்குகள் வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் குட்டிப் பிறையாகியிருந்தன. அதிசயம் ஒன்றுமில்லை, சூரியன் எந்த வடிவமோ அதையேதான் இலை இடுக்கும் தரையில் காட்டும். இரண்டாவது கேமராவில் அதை எடுத்தேன். மரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை. மலைக்காரர் யாரோ வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று அவரையும் சேர்த்தே எடுத்துவிட்டுப் பெரிய கேமராவிடம் போனேன். வெயில் அடித்து ஸ்க்ரீனில் ஒன்றும் தெரியவில்லை. வியூஃபைண்டரில் பார்த்துவிடலாம் என்று குனிந்தேன்.

"செல்வம், கண்ண எடு. முன்னாடி இன்னா ஆச்சு பாரு."

மரத்தடியில் நின்றவர்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதட்டலாகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். நிமிர்ந்தேன். காற்றில் டேப் பிய்ந்து, ஃபில்டர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை குனிந்திருந்தால் அன்றோடு என் கண்ணும் போயிருக்கும், தொழிலும் போயிருக்கும். லென்ஸைத் துண்டால் மூடிவிட்டுத் திரும்பினேன். அவர் அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் பிறை, மரத்தில் பிறை, பக்கத்துக் கல்லில் பிறை. அவர் சட்டைமேல் விழுந்த வெளிச்சம் மட்டும் முழு வட்டம், சாதாரண நாளில் விழுவதுபோலக் காசு காசாக. அதே மரம், அதே இலை. நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். தலையை இறக்கியபோது அவர் இல்லை.

காரிலிருந்து பாஸ்கர் இறங்கி வந்தான். "யார்கூடடா பேசிக்கினு இருந்த?"

"நான் எங்கடா பேசுனேன். அவர்தான் பேசுனாரு."

"எவரு? உன் குரல்தான்டா கேட்டுச்சு. கண்ண எடு, கண்ண எடுன்னு நீயேதான சொல்லிக்கினு இருந்த."

அதற்குமேல் அவனிடம் வாதாடவில்லை. பயத்தில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளலாம், நானும் அப்படி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். ஃபில்டர் கழன்ற நேரத்துப் படம் மட்டும் ஒரே வெள்ளை. மரத்தடிப் படத்தில் அவர் இருந்தார், சட்டையில் வட்டம் வட்டமாக. பாஸ்கர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கிளை வேற மாதிரி இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினான்.

இதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். என் பழைய படங்களோடு இந்தக் கிரகணப் படங்களையும் ஒரு மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறேன், ஒரே முகம் இருக்கிற படங்களை அது தானாகச் சேர்த்து வைக்கும். தை மாதம் வேலைக்காக அதைத் திறந்தபோது, மரத்தடி முகத்தையும் வேறு மூன்று முகங்களையும் பக்கத்தில் காட்டி, இவர்கள் ஒரே ஆளா என்று கேட்டது. முதல் படம் சின்னசேலத்தில் ஒரு கல்யாணம், இரண்டாவது மணலூர்பேட்டையில் ஒன்று. இரண்டிலும் அதே ஆள், பின்வரிசையில். அந்த வீடுகளுக்கு போன் போட்டு, படத்தையும் அனுப்பிக் கேட்டேன். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று. இரண்டு ஊரிலும் இதே பதில்.

மூன்றாவது, அதற்கு ஆறு வருடம் முன்னால் நடந்த என் கல்யாணப் படம். என் மனைவி கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவரு உங்க வூட்டு ஆளா?"

"இன்னாங்க இப்படிக் கேக்குறீங்க. நீங்கதான கையப் புடிச்சி மேடைக்கு இட்டாந்தீங்க. இவரு கண்டிப்பா படத்துல இருக்கணும்னு சொன்னீங்களே."

"பேரு இன்னான்னு சொன்னேன்?"

"பேரு சொல்லலியே."

எனக்கு அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் என் கை அவர் தோள்மேல் கிடக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று எடுத்த வேறு எந்தப் படத்திலும் நான் அப்படிச் சிரிக்கவில்லை.