காலண்டரைப் படித்த ஹவில்தார்

போன திங்கட்கிழமை ரிட்டயர்டு ஹவில்தார் மாரியப்பன் மறுபடி என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சர்ட்டிஃபிகேட் ஃபாரம். அவர் கேட்டபடி எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சிவகாசியில் பதினைந்து வருடம் கண்ணாடிக் கடையில் குப்பை கொட்டிவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் ஆப்டோமெட்ரி எனும் கண் பரிசோதனை மேற்படிப்பில் சேர்ந்தவள் நான். படிப்போடு ரெசிடென்சி பயிற்சியும் உண்டு. விருதுநகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் போட்டார்கள். "நான் டாக்டர் இல்லைங்க, பயிற்சிக்கு வந்திருக்கேன்" என்பேன். "சரிங்க டாக்டரம்மா" என்று சல்யூட் அடிப்பார்கள். யாருக்குத்தான் பிடிக்காது?

வந்த முதல் மாதமே அசந்துபோனேன். எழுபது வயதுக்காரர்கள் சுவரில் மாட்டிய எழுத்துச் சார்ட்டின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தார்கள். எல்லோருக்கும் ஆறுக்கு ஆறு, துளிக் குறையில்லாத பார்வை! விருதுநகர் வெயிலுக்கும் கண் பார்வைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு வரை போய்விட்டேன். பேராசிரியரும் போனில் பாராட்டினார்.

அந்த நேரத்தில்தான் சார்ட் போர்டின் பல்ப் ஃபியூஸ் ஆனது. போர்டை ரிப்பேருக்கு அனுப்பினோம். காலி ஆணியைப் பார்த்துப் பொறுக்காமல், கூட்டிப் பெருக்கும் அம்மா அதில் ஒரு பட்டாசுக் கம்பெனி காலண்டரை மாட்டியிருந்தார். மயில் மேல் முருகன்.

நான் அதைக் கவனிக்கவில்லை. ஏழாயிரம்பண்ணை மாரியப்பன் உள்ளே வந்தார். ஹேங்கரில் தொங்கிய என் வெள்ளைக் கோட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்தி, முருகனைப் பார்த்து ஆரம்பித்தார்.

"இ... எஃப், பி... டி, ஓ, இசட்..."

கடைசி வரி வரைக்கும். ஒரு தப்பு இல்லை.

"ஐயா, அது காலண்டர்" என்றேன்.

மனுசர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "சர்வீஸ்ல இருந்தே பழக்கம். மெடிக்கல்ல கண்ணு கம்மின்னு எழுதிட்டா புரமோசன் போச்சு. அதனால மொதல்ல போறவன் வெளிய வந்து அடுத்தவனுக்கு எழுத்தச் சொல்லிருவான். இங்கன வெளிய பெஞ்சுலயும் அப்படித்தான்..."

என் ஆய்வுக்கட்டுரை அங்கேயே செத்தது.

"இப்ப என்ன புரமோசன் ஐயா?"

"பட்டாசுக் கம்பெனி கேட்டுல நிக்கேன். உள்ள போறவுக தீப்பெட்டி, பீடி, செல்போன் வச்சிருக்காகளான்னு பாக்குற வேல. கண்ணு தெரியலன்னு எழுதிட்டீகன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக."

"தெரியாம எப்படிப் பாக்குறீங்க?"

"தடவித்தான். மேனேஜரு, ஆபீசருகளத் தடவ முடியுமா? அவுகளுக்குச் சல்யூட்."

தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கம் யாரும் தீபாவளி என்று நினைப்பதில்லை. எந்த யூனிட், யார் வீட்டு ஆள் என்று போன் போட ஆரம்பிப்போம். அப்படி ஒரு கேட்டில் நிற்கிறவருக்கு முருகனும் தெரியவில்லை, மயிலும் தெரியவில்லை!

கம்பெனி கேட்ட கண் சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கெஞ்சினார். நான் அசையவில்லை. இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றிய புரை... ஆபரேஷன் செய்தால் பளிச்சென்று தெரியும், வேலையும் போகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். கம்பெனிக்கு லீவு லெட்டரும் நானே எழுதினேன். கையோடு, அதுவரை ஆறுக்கு ஆறு வாங்கிய எல்லோரையும் திரும்ப வரச் சொல்லி, வேறு சார்ட் மாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்தது. மாரியப்பன் இந்தத் தடவை நிஜமாகவே படித்து, நிஜமான சர்ட்டிஃபிகேட்டோடு வேலைக்குத் திரும்பினார். பயிற்சிக்கு வந்ததற்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் போன திங்கட்கிழமை.

"வேல போச்சு டாக்டரம்மா."

"கண்ணுதான் நல்லாத் தெரியுதே!"

"அதனாலதான் போச்சு. மேனேஜர் வந்தாரு. சட்டப் பையில வெள்ளிக் கலர்ல சிகரெட் லைட்டரு. வெளிய வச்சிட்டுப் போங்க சார்னேன். 'லீவுக்கு முந்தி விட்டீல்ல'ன்னாரு. அப்பத் தெரியல சார்னேன். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாக."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலை போகாது என்று வாக்குக் கொடுத்தவள் நான்தானே?

விஸ்வநத்தம் பக்கம் வேறொரு கம்பெனியில் கேட்டுக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம். கண் சர்ட்டிஃபிகேட் வேண்டுமாம். டெஸ்ட் செய்தேன். சுத்தமான ஆறுக்கு ஆறு. எழுதப் போனபோது தடுத்துவிட்டார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

"அம்புட்டும் தெரியுதுன்னு போட்டுறாதீக டாக்டரம்மா... தொழிலாளிக பை நல்லாத் தெரியும், மேனேஜர் பை மட்டும் மங்கல்னு போட்டுக் குடுங்க."