பசியாறியாச்சு

பக்கத்து வீட்டுப் பெண் நாலாம் படிவம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சிகு, அதுதான் டீச்சர், கொடுத்த அறிவியல் புரோஜெக்ட்டுக்குத் திட்டம் போட அவளுக்கு எங்கள் வீட்டு மேசைதான் கிடைத்தது. அவள் வீட்டில் டிவி சத்தமாம். தலைப்பு, முதியோரின் உணவுப் பழக்கம்.

"கெழடுங்க என்னத்தத் தின்னும்? மாத்திரையத் தின்னும். போயி ஒங்க சிகுகிட்ட சொல்லு, புரோஜெக்ட்டு முடிஞ்சிச்சு லா" என்றேன்.

"வெளையாடாதீங்க தாத்தா. ஆளுங்கள கேட்டுத்தான் எழுதணும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வயதா எனக்கு? ஆனாலும் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். காரணம் என் மனைவி. அவளுக்கு மறதி நோய். முதலில் சாமான்களின் பெயர் போனது, பிறகு பிள்ளைகளின் பெயர், கடைசியில் பசியும் போய்விட்டது. தட்டை முன்னால் வைத்தால் வேடிக்கை பார்க்கிறாள். ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். கிளினிக்கில் டாக்டர், "இந்த நோயில இப்படித்தான். அவங்களுக்குப் பிடிச்சதைக் கொடுத்துப் பாருங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பிடிச்சது என்றால் எது? எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றவள் அவள். இது பிடிக்கும், அது பிடிக்காது என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இந்தப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டால் ஏதாவது ஒன்று வெளியே வராதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

அவள் எழுதிய முதல் கேள்வி: இன்று காலை பசியாறிவிட்டீர்களா? எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். கேள்வி சரியாக வருகிறதா என்று பார்க்க, ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் கதவைத் தட்டிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எல்லாருமே ஆச்சுங்கிறாங்க தாத்தா. கடைசி வீட்டு அக்கா அப்பத்தான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்காங்க. அவங்களும் ஆச்சுங்கிறாங்க!"

நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? நானும் என் மனைவியும் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்கள். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டில் இறங்கினால், வெட்டி முடித்த பிறகுதான் மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்போம். அந்த வழியாக யார் போனாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டாக வேண்டும். "இல்ல" என்றால் கேட்டவன் தன் தூக்கில் பாதியைக் கொடுத்தாக வேண்டும். அவன் தூக்கிலும் அரை வயிற்றுக்குத்தான் இருக்கும். அதனால் தின்றவனும் ஆச்சு என்பான், தின்னாதவனும் ஆச்சு என்பான். பிறகு ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பதில் மட்டும் எங்களை விடவில்லை.

"அப்ப யாருமே இல்லன்னு சொல்ல மாட்டாங்களா?"

"செத்தாலும் சொல்ல மாட்டாங்க."

அவள் முதல் கேள்வியை அடித்துவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று மாற்றினாள். நேராக என் மனைவியிடம் போனாள். சன்னலோரம் நாற்காலியில் அவள் சுருங்கி உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, இன்னிக்குப் பசியாற என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சியும் நெத்திலி சம்பலும். நல்ல ஒறப்பு."

பட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டை வேறு நக்கிக்கொண்டாள். அன்று காலை அவள் தொண்டையில் இறங்கியது அரை கிளாஸ் தேத்தண்ணி. அவள் அவ்வளவு பேசிப் பல நாளாகியிருந்தது. அடி என் ராசாத்தி, இதுதானா உனக்குப் பிடித்தது! மோட்டாரில் ஏறி நெத்திலி வாங்கப் பாசாருக்கு ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் கஞ்சி காய்ச்சினேன். மிளகாய் அரைத்து, நெத்திலி பொரித்து, கண்ணெரிய எரியச் சம்பல் வதக்கினேன். ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்திருந்தது, ஆனால் வாசம் சரியாக இருந்தது. இரண்டு மங்குக் கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவள் முன்னால் வைத்தேன்.

"ஏ புள்ள, நீ சொன்னதுதான். சாப்புடு."

மங்கைப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"ஆச்சு. நீங்க சாப்புடுங்க."

கரண்டியால் எடுத்து உதட்டில் வைத்தேன். துப்பினாள். மறுபடி வைத்தேன். மறுபடி துப்பினாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்னத்தடி ஆச்சு? எலும்புந்தோலுமா கெடக்குற! ஒரு வாய் தின்னா கொறஞ்சா போயிருவ?"

அவள் பயப்படக்கூட இல்லை. என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, மரத்தடியில் யாரோ வழிப்போக்கனைக் கேட்கிற மாதிரி, "பசியாறியாச்சா?" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இனி இவள் சாப்பிட மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் தினமும் காய்ச்சினேன். காய்ச்சாமல் வேறு என்ன செய்வது?

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் பள்ளிச் சீருடையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"திட்டத்த சிகு பாத்துட்டாங்க தாத்தா. பாட்டிய எடுத்துடணுமாம். மறதி உள்ளவங்க சொல்றத நம்ப முடியாதாம்."

"சரிதான். அவங்க சொல்றதும் நியாயந்தான்."

நியாயம்தான். அந்த நியாயத்தைத் தூக்கி அடுப்பில் போடலாம் போலிருந்தது.

"பாட்டிக்குப் பதிலா நீங்க இருக்கீங்களா? ஆளு கொறையுது."

"கெழடுக்குக் கெழடு கணக்கு சரியாப் போச்சு. உள்ள வா."

மேசைக்கு வந்து பேனாவைத் திறந்தாள். மேசையில் அன்று காலை ஊற்றிய கஞ்சி அப்படியே இருந்தது, இரண்டு மங்கிலும் ஆடை படர்ந்து. உள்ளே என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இன்னிக்குப் பசியாற என்ன சாப்பிட்டீங்க தாத்தா?"

"கஞ்சியும் நெத்திலி சம்பலும்" என்றேன். "நல்ல ஒறப்பு."

அவள் இரண்டு மங்கையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நான் சொன்னதை எழுதினாள்.